தனத்தின் தலையணைக்கு அடியில் இரண்டு வைரம்

வைரம் என்ற பேச்சை எடுத்தாலே ஜெயசித்ரா எழுந்து போய்விடுவாள். விலையைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் ஊரில் ஏராளம் உண்டு, இவள் அந்த ரகம் இல்லை. விக்கிரமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "மணிமாறன் பொண்டாட்டி போட்ட வைரந்தான் அவன் தம்பியத் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று. ஊர் வாய்க்கும் பொழுது போக வேண்டாமா!

நடந்தது இதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து லீவில் வந்த மணிமாறன், பெண்டாட்டிக்கு ஒற்றைக் கல் வைர மூக்குத்தி வாங்கி வந்தான். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, கெட்ட கனவோ கெட்ட சேதியோ வராமல் இருந்தால்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். வாங்குகிறவர்களை நம்பிக் கடைக்காரர்களே கல்லைக் கொடுத்து அனுப்புவார்கள். சரிப்படவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஜெயசித்ராவுக்கு அப்போது ஆசை கண்ணை மறைக்கிற வயசு. ஒரு நாள்தான் வைத்தாள். மறுநாள் சொந்தத்தில் வளைகாப்பு. வைரத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வளைகாப்புக்குப் போக எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? மினுக்கிக்கொண்டு போய்விட்டு வந்தாள். அந்த வாரமே கொழுந்தன் ராஜராஜன், ஜெயங்கொண்டம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

அவன் பெண்டாட்டிதான் தனம். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, குழந்தையும் இல்லை. சாவுப் பந்தலில் அத்தனை சனத்துக்கு நடுவே ஓரகத்தியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள்: "ஒன் மூக்குல கெடக்கற கல்லுதான் என் புருசன முழுங்கிடுச்சு!"

ஜெயசித்ரா அந்த இடத்திலேயே கழற்றியதுதான். மாமியார் மூக்குத்தியைக் கொண்டுபோய்க் குலசாமி உண்டியலில் போட்டுவிட்டாள். பிறகு மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். மணிமாறன் இன்னமும் துபாயில்தான் இருக்கிறான். வீட்டில் இரண்டு ஓரகத்திகளும் மகள் வளர்மதியும் மட்டும். தீபாவளிக்குப் புடவை எடுத்தால் தனம் முதலில் பார்த்து எடுக்க வேண்டும், மிச்சத்தில்தான் ஜெயசித்ரா கை வைப்பாள். தனத்தின் முகம் லேசாகச் சுருங்கினால் போதும், இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் கல்லைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜெயசித்ராவின் மூக்கில் ஒரு பொட்டுத் தங்கம்கூட ஏறியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்மதி வந்து நின்றுகொண்டு சொல்கிறாள்: "அம்மா, எனக்குக் கல்யாணத்துக்கு வைர மூக்குத்தி வேணும்."

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவள் வளர்மதி. ஆண்டிமடத்துப் பையன் தமிழழகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். சின்ன வயசிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று அடம் பிடித்ததே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை முதன்முதலாக வாய் திறந்து கேட்டது இதையா கேட்க வேண்டும்?

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் ஜெயசித்ரா. "சித்தி காதுல விழப் போவுது, மெதுவாப் பேசு."

"இது பூமியத் தோண்டி எடுத்த வைரம் இல்லம்மா. லேப்ல வளத்தது. இதுக்கு முன்னாடி யாரும் போட்டதில்ல, யாரோட பாவமும் இதுல ஒட்டியிருக்காது. போதுமா?"

"தங்கத்துல போட்டுக்கயேன் கண்ணு. வைரம் எதுக்கு நமக்கு?"

வளர்மதி கொஞ்ச நேரம் அம்மாவின் வெறும் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் என் காது படவே அந்தக் கதைய ஆரம்பிக்கறாங்க. என் மூக்குல ஒரு வைரம் கெடந்து, ஒண்ணும் ஆகாம நான் நல்லா வாழ்ந்துட்டேன்னா, அப்புறம் பேசுவாங்களா? ஒனக்காகத்தாம்மா கேக்கறேன்."

ஜெயசித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளுக்குத் தன்மேல் இத்தனை பாசமா என்று மனசு குளிர்ந்தது. அதே மனசு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நடுங்கியது. ஒரு உயிர் போனதற்கே பதினெட்டு வருஷமாக நிமிர முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் தானும் இருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நடுக்கத்தோடுதான் சனிக்கிழமை மகளோடு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜமால் முகமது பாயின் கடை. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாய் நகைக் கடைகளில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டவர். கறுப்பு வெல்வெட் தட்டில் மிளகை விடச் சின்னதாக இரண்டு கற்களை வைத்து நகர்த்தினார்.

"ரெண்டுமே வளத்த வைரந்தாம்மா. ஆனா வளத்த விதம் வேற வேற."

"வளத்ததா? செஞ்சதுன்னு சொல்லுங்க பாய்."

"செஞ்சதுன்னா பிளாஸ்டிக் பொம்ம மாதிரி நெனச்சுக்குவாங்க. இது நெசமாவே வளருது. வெத போட்டுத்தான் வளக்கறாங்க."

விதை என்றதும் ஜெயசித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்திரியும் கடலையும் போட்டு வாழ்ந்தவள். வைரத்தைப் பற்றி அவளிடம் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம், விதையைப் பற்றி அளக்க முடியாது.

பாய் முதல் கல்லைத் தொட்டுக் காட்டினார். "இது பிரஸ்ல வளந்தது. எச்.பி.எச்.டி.ன்னு சொல்லுவாங்க. ஒரு டப்பாக்குள்ள குட்டியா ஒரு வைரத்துண்ட வெதையா வைப்பாங்க. பென்சிலுக்குள்ள கறுப்பா இருக்கும்ல, அந்தக் கரிய மேல வைப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல இரும்பு, நிக்கல் மாதிரி உலோகம். அப்புறம் அந்த டப்பாவ எல்லாப் பக்கமும் அமுக்குவாங்க பாருங்க, பூமிக்கு அடியில எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. கூடவே ஆயிரத்து ஐந்நூறு டிகிரிகிட்ட சூடு. உலோகம் உருகிடும், கரி அதுல கரைஞ்சு, கீழ இருக்கற வெத மேல போய் வைரமாப் படிஞ்சிடும்."

"அட ஆண்டவனே! இன்னொண்ணு?"

"இது வாயுல வளந்தது, சி.வி.டி. காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்துட்ட ஒரு பெட்டி. அடியில பில்லை மாதிரி மெல்லிசா வைரத் தகடு, அதான் வெத. மீத்தேனும் ஹைட்ரஜனும் உள்ள விட்டு, மைக்ரோவேவ் குடுத்தா, வாயு பிஞ்சு அதுல இருக்கற கரி மட்டும் தகடு மேல எறங்கிகிட்டே இருக்கும். படிமானம் படிமானமா, வாரக்கணக்குல."

"மீத்தேன்னா ஏதோ பேரு கேட்ட மாதிரி இருக்கே?"

"சாணி கேஸ்லயும் அதாம்மா இருக்கு," என்றாள் வளர்மதி.

ஜெயசித்ரா பயத்தையெல்லாம் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சாணி கேஸ்லேருந்து வைரமா! இத்தன வருசமா நம்ம மாட்டுக் கொட்டாயில எத்தன மூக்குத்தி வீணாப் போயிருக்கும் பாரு!"

பாயும் சிரித்தார். எது நல்லது என்று ஜெயசித்ரா கேட்டதற்கு, இரண்டுமே அசல் வைரம்தான், உறுதியில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்றார். பிரஸ்ஸில் வளர்ந்ததில் சில சமயம் லேசாக நீலம் ஓடும், உள்ளே உலோகத் துணுக்கு தங்கிவிடும். வாயுவில் வளர்ந்ததில் சில சமயம் பழுப்பு ஓடும், அதைப் போக்கத் திரும்பவும் சூடு காட்டியிருப்பார்கள், காட்டியிருந்தால் சர்டிபிகேட்டில் எழுதியிருக்க வேண்டும். "இந்த சைஸுக்கு அதெல்லாம் வெறுங்கண்ணுல தெரியாது. பகல் வெளிச்சத்துல மூக்குல வச்சுப் பாருங்க, எது முகத்துக்கு எடுக்குதோ அதுதான் நல்ல கல்லு. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். நாளைக்கி விக்கணும்னு போனா, சுரங்கத்து வைரம் மாதிரி வெல கெடைக்காது. அத மறச்சு விக்கறது எனக்கு ஹராம்."

"மூக்குத்திய யாரு பாய் விக்கப் போறா? நான் கேக்கணும்னு நெனச்சது வேற. அந்த வெத எங்கேருந்து வந்துச்சு?"

"இன்னொரு வளத்த வைரத்துலேருந்து வெட்டி எடுத்ததும்மா."

"அதுக்கு வெத?"

"அதுக்கும் இன்னொண்ணு இருக்கும்."

"எப்படியும் எல்லாத்துக்கும் மொதல்ல ஒரு வெத இருந்திருக்கும்ல? அது யாரு வூட்டுது? என்னா ராசி?"

 பாயிடம் இத்தனை வருஷ வியாபாரத்தில் துபாய்க்காரனும் கேட்காத கேள்வி. "யா அல்லாஹ்! வளந்து முடிஞ்சதும் அந்த வெதைய வெட்டித் தனியா எடுத்துடுவாங்கம்மா. நீங்க பாக்கற இந்தக் கல்லுல வெத கெடையாது."

அதில் ஜெயசித்ராவுக்குக் கொஞ்சம் ஆறுதல். உடனே அடுத்தது தோன்றியது. "சரி, மெஷின்லேருந்து இது வெளிய வந்த நாளு என்னா? நாளு தெரிஞ்சா நட்சத்திரம் தெரியும், இவ ஜாதகத்தோட பொருத்தம் பாத்துடலாம்."

வளர்மதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பாய் பாவம், கல்லை அனுப்பிய சூரத்துக்காரருக்குப் போன் போட்டு, இந்தியில் அதையும் கேட்டார். அந்தப் பக்கம் அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. தேதியெல்லாம் ஞாபகம் இல்லையாம், பங்குனிக்கு அந்தாண்டை இந்தாண்டையாக இருக்கலாமாம்.

"நட்சத்திரம் இல்லாத கல்ல எப்படி நம்பறது?" என்று ஜெயசித்ரா முகம் வாடினாள். "அப்ப மூணு நாளு வச்சுத்தான் பாக்கணும் பாய்."

"மெஷின்ல வளந்ததுக்குமா?"

"வளந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பாய் அதற்குமேல் வாதாடவில்லை. இரண்டு கற்களையும் தனித்தனித் தாளில் மடித்து, மேலே பிரஸ், வாயு என்று பேர் எழுதி, நல்லபடியாக வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கொடுத்து அனுப்பினார்.

தனத்துக்குத் தெரியாமல் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் ஜெயசித்ராவின் திட்டம். திட்டம் போட்டால் போதுமா, அதற்கு ஒரு முகம் வேண்டாமா? வாசலில் நுழைந்ததுமே தனம் கேட்டாள்: "என்னாக்கா, மடியில என்னா வச்சிருக்க? கைய எடுக்கவே மாட்டேங்கற?"

ஜெயசித்ராவுக்குப் பொய் வராது. பெரம்பலூரையும் பிரஸ்ஸையும் வாயுவையும் மகளின் ஆசையையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் பந்தலில் கேட்ட அந்தக் குரல் இப்போது திரும்ப வரும் என்று காத்திருந்தாள்.

தனம் கத்தவில்லை. முறத்திலிருந்த உளுந்தை ஒரு தடவை புடைத்துவிட்டுக் கேட்டாள், "யாரு தலகாணிக்கு அடியில வைக்கப் போற?"

"என்னோடதுலதான். வர்றது எனக்கு வரட்டும்."

"ஒனக்கு வந்தா அத்தான் துபாயிலேருந்து அடிச்சிப் புடிச்சி ஓடியாரணும். கல்யாணத்துக்கு நிக்கற புள்ளைக்கு அம்மா வேணும். எங்கிட்ட குடு. எனக்கு இனிமே என்ன வந்துடப் போவுது?"

சொன்னவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. தனம் எழுந்து வந்து, மடியிலிருந்த பொட்டலங்களை எடுத்து, இரண்டையும் பிரித்தாள். கற்களை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் ஒரே கைக்குட்டையில் போட்டு முடிந்துவிட்டாள்.

"அடிப்பாவி! தாள்ல பேரு எழுதியிருந்துச்சே! இப்ப எது பிரஸ்ஸு, எது வாயுவு?"

"எதுவா இருந்தா என்னா?"

"ஏதாவது ஆச்சுன்னா எந்தக் கல்லால ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஆவட்டும், அப்பப் பாத்துக்கலாம்," என்று தனம் உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஜெயசித்ராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகத் தனத்தின் அறை வாசலில் நின்றாள். என்ன கனவு வந்தது என்று கேட்டால், முறுக்கு சுடுகிற மாதிரி வந்தது என்கிறாள் தனம். முறுக்கு நல்லதா கெட்டதா? கல்யாண வீட்டில் முறுக்கு சுடுவார்கள், அந்த வகையில் நல்லது. கொதிக்கிற எண்ணெய் ஆயிற்றே, அந்த வகையில் கெட்டது. இதிலேயே முதல் நாள் பாதி போயிற்று. மறுநாள் மிக்சி கருகிப்போனது. பழைய மிக்சி, ஆறு மாசமாகவே உறுமிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். "பிரஸ்தான் பண்ணியிருக்கும், அதுதான் சூடு ஜாஸ்தி," என்று இவளாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தனத்துக்குத் தும்மல் வந்தால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தனம் எரிச்சலோடு கையைத் தட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் வளர்மதி வேலைக்குப் போனவள், பொழுது சாய்ந்தும் வரவில்லை. அரியலூர் வரை பஸ், அங்கிருந்து ஸ்கூட்டி, அதுதான் வழக்கம். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பால்காரன் அமாவாசை கேனை இறக்கி வைத்துவிட்டு, "அரியலூர் ரோட்டுக் கைகாட்டிகிட்ட லாரிக்காரன் ஒரு ஸ்கூட்டியத் தட்டிட்டானாம்," என்றான். "பொம்பளப் புள்ளையாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

ஜெயசித்ராவின் கையிலிருந்த சொம்பு எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. தனத்தின் அறைக்குள் பாய்ந்தாள், தலையணையைத் தூக்கி எறிந்தாள், கைக்குட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கிணற்றைப் பார்த்து ஓடினாள். தனம் பின்னாலேயே ஓடி வந்து, கிணற்றுச் சுவருக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துவிட்டாள்.

"விடு தனம்! கெணத்துல போட்டுத் தொலைச்சிடறேன். என் புள்ளையயும் முழுங்கப் போவுது!"

"யக்கா! கல்லு யாரையும் முழுங்காதுக்கா!"

"நீதானடி சொன்ன!"

சொல்லிவிட்டாள். இத்தனை காலம் இரண்டு பேருக்கும் நடுவே கிடந்த பேச்சு வெளியே வந்துவிட்டது. பிடித்திருந்த கையைத் தனம் விடவில்லை. 

"ஆமா, நாந்தான் சொன்னேன். பொணத்துக்கு முன்னால நின்னுகிட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன். காரியம் முடியறதுக்குள்ளயே எனக்குத் தெரியும், அது இல்லன்னு. லாரிக்காரன் தூங்கிட்டான். போலீஸ்காரரே வூட்டுக்கு வந்து சொன்னாருல்ல. தூங்கிட்டான், அவ்வளவுதான்."

"தெரிஞ்சுமா? தெரிஞ்சும் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கண்ணன் வண்டியோட வந்து வாசல்ல நின்னாரு, என்னக் கூட்டிட்டுப் போவ. புருசன் இல்ல, புள்ள இல்ல, இந்த வூட்ல என்ன எதுக்கு வச்சிக்கணும்? நீ ஓடியாந்து, 'தனம் எங்கயும் வராது, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்ட. நீ பழிக்குப் பயந்துதான் சொல்றன்னு நெனச்சேன். கல்லு ஒண்ணும் பண்ணலக்கா, நீ சும்மா இருன்னு நான் சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கடமைக்கு நீ என்ன வச்சிக்குவ? அந்தப் பழிதான்க்கா எனக்கு இந்த வூட்ல பட்டா."

ஜெயசித்ராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு கல்யாணத்திலும் நிமிர்ந்து நடந்ததில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கொலைகாரி முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறாள். அத்தனையும் இவளுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது!

"அன்னிக்கி ஒங்கண்ணன் வண்டிய நான் பயந்துகிட்டா நிறுத்தினேன்? ஒங்க அண்ணி குணம் எனக்குத் தெரியும். நீ அழுவுற அழுகைய அவ ஒரு வாரம் தாங்குவாளான்னு நெனச்சேன், அதான் நிறுத்தினேன். மஞ்சக்காமாலையில நீ கெடந்தப்ப ஒரு மாசம் ஒங்கூடவே தரையில படுத்தேனே, அதுவும் பழிக்குப் பயந்தா? மொத வருசம் பயம் இருந்துச்சு, இல்லங்கல. அப்புறம் யாருக்குடி அந்த நெனப்பு? நீ என் தங்கச்சின்னுல்ல நெனச்சுகிட்டிருந்தேன்!"

தனம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிரேதத்தின் முன்னால்கூட அவள் அப்படி அழுததில்லை. ஜெயசித்ரா அவளைத் தூக்கவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. முடிச்சைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, மகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. துப்பட்டாவெல்லாம் ரத்தத்தோடு வளர்மதி உள்ளே வந்தாள். ரத்தம் அவளுடையது இல்லை. அடிபட்டவள் எந்த ஊர்ப் பெண்ணோ, கை எலும்பு முறிந்திருக்கிறது, வேறு ஆபத்து இல்லை. பின்னால் வந்த வளர்மதிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது. கிணற்றடியில் இரண்டு பேரும் இருந்த கோலத்தைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். ஜெயசித்ரா மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்குச் சொல்லத் தெம்பு இல்லை. தனம்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் வளர்மதியிடம் சொன்னாள், தன்மேல் உள்ள தப்பை ஒரு துளிகூடக் குறைத்துக்கொள்ளாமல்.

அதற்கப்புறம் ஜெயசித்ரா தனத்தோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. பதினெட்டு வருஷக் கோபத்தை ஒரே நாளில் பட்டு முடித்துவிட முடியுமா என்ன? வளர்மதி நடுவில் கிடந்து தவித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததும், "ரெண்டு பேரும் கெளம்புங்க, ஒரு கல்ல எடுத்துகிட்டு மத்ததத் திருப்பிக் குடுக்கணும்ல," என்று கடைக்குக் கிளப்பி, தானும் கூடவே போனாள். பஸ்ஸில் ஜெயசித்ரா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பெரம்பலூர் வருகிறவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜமால் பாய் முடிச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கலந்துட்டீங்களா? பரவால்ல." ஒரு சின்ன ஊதா டார்ச்சைக் கொண்டுவந்து, இரண்டு கற்கள் மேலும் அடித்துவிட்டு, கையால் மூடிக்கொண்டு டார்ச்சை அணைத்தார். ஒரு கல் இருட்டில் இன்னும் லேசாக ஒளி விட்டுக்கொண்டிருந்தது. "இந்தக் கல்லு பிரஸ்ல வளந்தது. அதுல பல கல்லு இப்படி வெளக்க அணைச்சும் கொஞ்ச நேரம் நிக்கும்."

தனம் வளர்மதியின் கையைப் பிடித்துக் கடை வாசலுக்கு அழைத்துப் போனாள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாக அவள் மூக்கோரம் வைத்துப் பார்த்தாள். பிரஸ் கல், வாயுக் கல், மறுபடி பிரஸ் கல். முகத்தைத் திருப்பச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். கடைசியில், "வாயுவுதான் இவளுக்கு. இந்த மாநிறத்துக்கு அதுதான் எடுக்குது," என்றாள். வளர்மதிக்கும் அதுவே பிடித்திருந்தது.

"அப்ப இத நான் எடுத்து வச்சிடறேன்," என்று பாய் மற்றதைப் பொட்டலத்தில் மடிக்கப் போனார்.

"இல்ல பாய், மடிக்காதீங்க. அது எங்க அக்காவுக்கு."

ஜெயசித்ரா திடுக்கிட்டுத் திரும்பினாள். பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்களுக்குன்னு வச்சுப் பாக்கலியேம்மா? வேணும்னா இன்னும் ஒரு மூணு நாளு கொண்டுபோய் வச்சுப் பாத்துட்டு, சொல்லுங்களேன்."

"பதினெட்டு வருசமா வச்சுப் பாத்தாச்சு பாய்," என்றாள் தனம். "அவங்களால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். தனம் குரலைத் தாழ்த்தவில்லை. அன்றைக்குப் பந்தலில் எத்தனை சத்தமாகச் சொன்னாளோ அத்தனை சத்தமாகத்தான் சொன்னாள். ஜெயசித்ரா வெறும் மூக்கைத் தடவிப் பார்த்தாள். துளை என்றைக்கோ தூர்ந்துபோயிருந்தது. புதிதாகத்தான் குத்த வேண்டும் என்றார் பாய், ஆசாரி பக்கத்திலேயே இருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்றார்.

ஜெயசித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தனை நாளுக்கு அப்புறம் முதன்முதலாகத் தனத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வலிக்கும். நீ பக்கத்துல நில்லு."